அடுக்குமாடி வீட்டில் பெரிய இன நாய்க்குட்டி: முதல் ஒன்றரை ஆண்டு வளர்ப்பு முறை

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் என்று பெரிய இனத்தில் ஒரு குட்டி வாங்க நினைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகள் முதலில் கேட்பது வீட்டின் பரப்பளவைப் பற்றித்தான். "எங்கள் வீடு 900 சதுர அடி, போதுமா?" என்பார்கள். சென்னையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், அதைவிடச் சற்றுக் குறைந்த பரப்பில், மல்லி என்ற லாப்ரடார் பெண் குட்டியை வளர்த்து ஆளாக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்ல வீட்டில் ஆள் இருந்தால் பரப்பளவு பெரிய தடையாக இருப்பதில்லை. வழுக்கும் தரை, மாடிப்படி, அளவுக்கு மீறிய உணவு, தேவையற்ற கால்சியம் மருந்து ஆகிய நான்கும்தான் அந்தக் குட்டிக்கு ஆயுள் முழுவதும் தொடரும் கெடுதலைச் செய்கின்றன. நான்குக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே என்பதால் அதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

எட்டு வார லாப்ரடார் குட்டி ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். ஆறு மாதத்தில் அது 20 கிலோவை நெருங்கிவிடும். வளர்ந்து முடிந்தபின் 25 முதல் 36 கிலோ வரை நிற்கும். எடை இவ்வளவு வேகமாக ஏறும் அதே காலத்தில், நீண்ட எலும்புகளின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பெரிய இனங்களில் அவை முழுவதுமாக இறுகி எலும்பாக 12 முதல் 18 மாதங்கள் ஆகும். கிரேட் டேன், மாஸ்டிஃப் போன்ற இராட்சத இனங்களில் இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். அதாவது, பார்ப்பதற்கு முழு நாயாகத் தெரியும் எட்டு மாதக் குட்டி, மூட்டுகளைப் பொறுத்தவரை இன்னும் பச்சைக் குழந்தைதான். அந்த இடைவெளியில் மூட்டுகளைக் காப்பதும் எடையை அளவோடு ஏற விடுவதும்தான் வளர்ப்பவரின் முதல் வேலை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் பெரும்பாலானவை அதைச் சுற்றியே வரும்.

வாங்குவதற்கு முன்

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் முப்பது நாள், முப்பத்தைந்து நாள் குட்டிகளை "இப்போதே எடுத்துப் போனால்தான் உங்களிடம் பழகும்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். பற்களை எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு கடித்து விளையாடித்தான் கற்கிறது. அந்தப் பாடம் இல்லாமல் வரும் பெரிய இனக் குட்டியின் கடி, ஐந்து மாதத்தில் வீட்டிலுள்ள குழந்தைகளால் தாங்க முடியாததாகிவிடும். தாயை நேரில் பாருங்கள். அது நடக்கும்போது பின்கால்கள் ஆடுகின்றனவா, எழுந்திருக்கச் சிரமப்படுகிறதா என்று கவனியுங்கள். பெற்றோருக்கு இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பெருமளவு மரபுவழி வருவது. கேட்பவர் பெருகினால்தான் எடுப்பவரும் பெருகுவார்கள்.

இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் வெப்பத்தையும் வீட்டாரின் இயல்பையும் பாருங்கள். சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற அடர்ந்த முடி கொண்ட குளிர்நாட்டு இனங்களைச் சென்னை வெயிலில் வளர்ப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை என்றே நினைக்கிறேன். ஜெர்மன் ஷெப்பர்ட் விழிப்பு மிகுந்த நாய். நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டாலே குரைக்கும். அதைப் பழக்கி அமர்த்தப் பொறுமை வேண்டும். ராஜபாளையம் நம் மண்ணின் நாய், வெயிலைத் தாங்கும், முடி குறைவு. ஆனால் அது விரைந்தோடி வேட்டையாடப் பிறந்த இனம், நீட்டி ஓடத் திறந்தவெளி கிடைக்காவிட்டால் ஏங்கிப் போகும். தூய வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாமை இருப்பதுண்டு என்பதால், அது பாராதபோது பின்னாலிருந்து கைதட்டிப் பார்த்து வாங்குங்கள். முதன்முறையாக நாய் வளர்ப்பவருக்கு, அதுவும் அடுக்குமாடியில், லாப்ரடாரையே நான் பரிந்துரைப்பேன்.

குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கக் கூடாது என்று தடுக்க முடியுமா என்ற கேள்வி எல்லோருக்கும் உண்டு. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் செல்லப்பிராணிகளைச் சங்கம் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் அதில் இடமில்லை. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் இத்தகைய தடைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாமல், குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு மூன்றுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். "முதல் பத்து நாள் இரவில் கொஞ்சம் அழும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டதால் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி புகார் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் குட்டியைப் பார்க்க அவரே மேலே வந்துவிட்டார். வெறிநோய்த் தடுப்பூசி போட்டதும் மாநகராட்சியிடம் உரிமம் பெற்றுவிடுங்கள்.

தரையும் படியும்

மல்லி வந்த இரண்டாம் நாள் காலையில் பால்காரர் அழைப்புமணியை அழுத்தினார். தூங்கிக்கொண்டிருந்த குட்டி எழுந்து வாசலை நோக்கி ஓடியது. கூடத்தின் நடுவே வழவழப்பான வெள்ளை டைல்ஸ் மீது அதன் முன்கால்கள் போய்க்கொண்டிருக்க, பின்கால்கள் இரண்டும் தவளையின் கால்களைப் போலப் பக்கவாட்டில் விரிந்து, வயிறு தரையில் பட்டு, அப்படியே இரண்டடி தூரம் சறுக்கிச் சென்றது. வீட்டில் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தோம். அது எழுந்து, மறுபடி சறுக்கி, மறுபடி எழுந்தது. இரண்டு நாள் கழித்துத் தடுப்பூசிக்குப் போனபோது இதைச் சொன்னேன். கால்நடை மருத்துவர் சிரிக்கவில்லை. குட்டியை மேசையில் நிறுத்தி, தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் எப்படி உட்கார்கிறது என்பதைத் தன் கைமுட்டியை மறு உள்ளங்கையில் பொருத்திக் காட்டினார். ஒவ்வொரு சறுக்கலிலும் அந்தப் பந்து கிண்ணத்தின் விளிம்பை நோக்கி இழுபடுகிறது, கிண்ணம் இன்னும் இளசாக இருக்கிறது, விளிம்பு தேய்ந்தால் மறுபடி உருவாகாது என்றார். அன்று மாலையே கூடத்தின் தரை மாறியது.

வீடு முழுவதும் விரிப்புப் போட வேண்டியதில்லை. குட்டி எங்கே படுக்கிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது, எங்கே கழிக்கப் போகிறது, வாசலுக்கு எந்த வழியாக ஓடுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்து, அந்தப் பாதைகளுக்கு மட்டும் பிடிமானம் கொடுத்தால் போதும். பழைய யோகா விரிப்புகளை நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் போடலாம். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ரப்பர் விரிப்புத் துண்டுகளும் நல்லவை, ஒரு துண்டில் சிறுநீர் பட்டால் அதை மட்டும் எடுத்துக் கழுவலாம். தேங்காய் நார் மிதியடியின் அடியில் ரப்பர் இல்லாவிட்டால் மிதியடியே சறுக்கும் என்பதால் அதைத் தவிர்க்கவும். உணவுத் தட்டு வைக்குமிடத்தில் விரிப்பு கட்டாயம் வேண்டும். சாப்பிடும் ஆவலில் குட்டி முன்னோக்கி அழுத்தும்போது பின்கால்கள் விலகிப் போவதை நீங்களே பார்ப்பீர்கள். பாதத்தின் மெத்தைகளுக்கு இடையில் வளரும் முடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒட்ட நறுக்கிவிடுங்கள். நகங்கள் தரையில் டக்டக்கென்று ஒலித்தால் அவை நீண்டுவிட்டன என்று பொருள். நீண்ட நகம் பாதத்தைத் தரையில் படிய விடாது.

மாடிப்படியில் இன்னும் கண்டிப்பு வேண்டும். நார்வே நாட்டில் லாப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களின் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், மூன்று மாதத்துக்குள் அன்றாடம் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் குறை வரும் வாய்ப்புக் கூடியிருந்தது. அதே ஆய்வில், அந்த வயதில் மென்மையான, மேடுபள்ளமான நிலத்தில் கட்டின்றி விளையாடிய குட்டிகளுக்கு அந்த வாய்ப்புக் குறைந்திருந்தது. ஆகவே மூன்று மாதம் வரை படியில் தூக்கிக்கொண்டு போங்கள். முன்கால்களுக்கு அடியில் பிடித்துத் தொங்கவிடாமல், ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்தொடைகளுக்கு அடியிலும் இருக்கும்படி உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு வயது வரை லிஃப்ட்டையே பயன்படுத்துங்கள். மின்வெட்டால் லிஃப்ட் நின்றுவிட்டால், கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸ் மாட்டி, கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி இறக்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முன்கால் மூட்டுகளுக்குக் கடினம். சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் காரின் இருக்கையிலிருந்தும் குதிப்பதும் அப்படியே.

நடைப்பயிற்சிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதை ஐந்தால் பெருக்கி, அத்தனை நிமிடம் ஒரு நடை. நான்கு மாதக் குட்டிக்கு 20 நிமிடம். இது கைக்கணக்குதான், குட்டி உட்கார்ந்துவிட்டால் அதோடு நடை முடிந்தது என்பதே உண்மையான அளவுகோல். கயிற்றில் கட்டிச் சிமெண்ட் சாலையில் உங்கள் வேகத்துக்கு ஓட வைப்பதும், பந்தை வீசி வீசி எகிற வைப்பதும் ஒன்றரை வயது வரை வேண்டாம். புல்லிலோ மண்ணிலோ தன் விருப்பத்துக்கு முகர்ந்து திரியட்டும். அரை மணி நேரம் முகர்ந்து திரிந்த குட்டி, ஒரு மணி நேரம் ஓடிய குட்டியைவிட நன்றாகத் தூங்கும்.

உணவு

மல்லியை விற்றவர் குட்டியோடு ஒரு கால்சியம் மருந்துப் பாட்டிலையும் கொடுத்து, காலையும் மாலையும் 5 மில்லி கொடுத்தால் எலும்பு பருத்து வளரும் என்றார். ஐந்து நாள் கொடுத்தேன். மருத்துவர் அதை உடனே நிறுத்தச் சொன்னார். பெரிய இனக் குட்டிகளுக்கு முதல் ஆறு மாதங்களில் குடலுக்கு வரும் கால்சியத்தை வேண்டாமென்று தடுக்கும் திறன் முழுமையாக இருப்பதில்லை. கொடுப்பதில் பெரும்பங்கை உடல் உறிஞ்சிக்கொள்கிறது, அந்த மிகுதி குருத்தெலும்பு முறையாக எலும்பாவதைக் குலைக்கிறது. மூட்டுக்குள் குருத்தெலும்பு செதில் செதிலாகப் பெயர்வதும், முன்கால்கள் வளைவதும் இதன் விளைவுகள். நல்ல குட்டி உணவில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றுவது நன்மை செய்யாது, கெடுதலே செய்யும். நம் ஊரில் கேட்காமலே எல்லோரும் தரும் அறிவுரை இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கடையில் வாங்கும் உணவானால், பையின் மேல் 'பெரிய இனக் குட்டிகளுக்கு' என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். முழு வளர்ச்சியில் 32 கிலோ அல்லது அதற்கு மேல் வரும் நாய்களின் குட்டிகளுக்கான உணவில் ஈரப்பதம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தீவன நெறிமுறை அமைப்பான ஆஃப்கோவின் வரம்பு. வீட்டுச் சமையலானால் சிக்கல் நேர்மாறானது. எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் மட்டும் கொடுத்தால் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் மிகவும் குறைந்துவிடும், கால் எலும்புகள் வலுவிழக்கும். ஆகவே வீட்டில் சமைத்துத்தான் கொடுப்பேன் என்பவர்கள், வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் குட்டியின் எடையைக் காட்டி, எதை எத்தனை கிராம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். குத்துமதிப்பு இங்கே உதவாது.

எட்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. தட்டை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் கூடாது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். அந்த நாய்க்கு வயிறு நிறைந்தது என்ற உணர்வு எளிதில் வராது. நம் கையிலிருக்கும் இட்லியைப் பார்க்கும் அதன் பார்வையைக் கொண்டு பசியை அளக்க முடியாது. 48 லாப்ரடார்களை இணையிணையாகப் பிரித்து, ஒன்றைவிட மற்றொன்றுக்கு 25 விழுக்காடு குறைவாக உணவளித்து அவற்றின் ஆயுள் முழுவதும் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்வும் ஒல்லியான நாய்களுக்கு மிகவும் பிந்தியே வந்தது. "என்ன, குட்டி இப்படி மெலிந்திருக்கிறது, சோறு போடுவதில்லையா?" என்று உறவினர்கள் கேட்கும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவைக் கையாலேயே பார்க்கலாம். உங்கள் கையை முஷ்டியாக மடக்கி விரல் கணுக்களின் மேல் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா அப்படிப் புடைத்துத் தட்டுப்பட்டால் உணவு போதவில்லை. கையை விரித்து உள்ளங்கைச் சதையைத் தடவினால் எப்படியோ அப்படி இருந்தால் கொழுப்பு மிஞ்சிவிட்டது. விரித்த கையின் புறத்தில், மெல்லிய தோலுக்கு அடியில் எலும்புகள் தட்டுப்படுவது போல விலா எலும்புகளை எண்ண முடிந்தால் அதுவே சரியான நிலை. ஞாயிறுதோறும் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள்.

வீட்டில் புழங்கும் பொருள்களில் பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை, எல்லாக் குழம்பிலும் இருக்கும் வெங்காயமும் பூண்டும், சாக்லேட், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். விருந்து நாட்களில் குட்டியை ஓர் அறையில் வைத்துவிடுவதே மேல், ஏனெனில் விருந்தினர் அன்பினால்தான் கொடுப்பார்கள், தடுப்பது கடினம்.

மார்பு ஆழமான பெரிய இனங்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் ஓங்கரிப்பதும், வயிறு தம்பட்டம் போல இறுகுவதும், ஓரிடத்தில் நிற்க முடியாமல் தவிப்பதும் அறிகுறிகள். அப்போது வீட்டு மருத்துவம் எதுவும் செய்யாமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே அறுவைச் சிகிச்சை வசதி உண்டா என்பதைக் குட்டி வரும் முன்பே விசாரித்து வையுங்கள்.

கழிப்பிடப் பழக்கம்

தனி வீட்டில் கதவைத் திறந்துவிட்டால் போதும். மூன்றாம் மாடியில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் ஒரு நிமிடத்தில் குட்டி நடைவழியிலேயே கழித்துவிடும். அதனால் இரண்டு இடங்களைப் பழக்குங்கள்: பால்கனியில் ஒன்று, கீழே மண் தரையில் ஒன்று. பால்கனியில் ஓர் அகன்ற பிளாஸ்டிக் தட்டில் செய்தித்தாளோ செயற்கைப் புல் விரிப்போ வைக்கலாம். குட்டியின் தலை நுழையும் அளவுக்குக் கம்பிகளின் இடைவெளி இருந்தால், முதலில் வலை அடித்துவிடுங்கள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்துப் பதினைந்து நிமிடத்திலும், விளையாட்டின் நடுவே சட்டென்று தரையை முகர்ந்து வட்டமிடும்போதும் தூக்கிக்கொண்டு போய் அங்கே விடுங்கள். நடக்க விடாமல் தூக்கிப் போவது முக்கியம். கையில் இருக்கும்போது பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். பகலில் அடக்கும் திறன் ஏறத்தாழ வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரமே உச்சம். இரவில் ஒருமுறை நீங்கள் எழத்தான் வேண்டும். சரியான இடத்தில் முடித்த அந்தக் கணத்திலேயே பாராட்டி ஒரு துணுக்குத் தின்பண்டம் கொடுங்கள். தவறான இடத்தில் கழித்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் வழக்கம் மிகவும் தவறு. உங்கள் கண்ணெதிரில் கழிக்கக் கூடாது என்பதை மட்டும்தான் குட்டி அதிலிருந்து கற்கும், பிறகு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து கழிக்கும்.

துடைப்பதற்குப் பினாயில் வேண்டாம். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் பாதத்தில் ஒட்டி, குட்டி நக்கும்போது வயிற்றுக்குள் போகும். அம்மோனியா கலந்த திரவங்களோ சிறுநீரின் வாடையையே குட்டிக்கு நினைவூட்டி அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும். வினிகரையும் தண்ணீரையும் சமபங்கு கலந்து துடைத்தாலே போதும்; மார்பிள் தரையில் மட்டும் வினிகர் கறை படுத்தும் என்பதால் அங்கே நொதி கலந்த துப்புரவுத் திரவத்தைச் செல்லப்பிராணிக் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே அழைத்துப் போகத் தொடங்கியபின் ஒவ்வொரு முறையும் பையோடு போய் எடுத்துவிடுங்கள். அடுக்குமாடிகளில் நாய்கள் மீது எழும் வெறுப்பில் பாதி, நாயோடு வந்தவர் குனிந்து எடுக்காததால் வருவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீழே இறங்க முடியாத நாட்களில் பால்கனிப் பழக்கம் கைகொடுக்கும். ஆகவே குட்டி பெரிதானபின்னும் அதை முற்றிலும் நிறுத்திவிடாதீர்கள்.

தடுப்பூசியும் உலக அறிமுகமும்

கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். இடையில் நிறுத்திவிட்டால் பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோய்க்குக் குட்டி எளிதில் இரையாகிவிடும். குடற்புழு மருந்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுங்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. புதிய மனிதர்களையும் ஒலிகளையும் அச்சமில்லாமல் ஏற்கும் பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் முடிந்துவிடுகிறது; தடுப்பூசியோ பதினாறு வாரத்தில்தான் நிறைகிறது. அதுவரை வீட்டிலேயே பூட்டி வைத்தால் நோய் வராது, ஆனால் 30 கிலோ எடையில் லிஃப்ட்டைக் கண்டு நடுங்கும், குடையைக் கண்டு சீறும் நாய் ஒன்று உருவாகும். தீர்வு எளிது: தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு காட்டுங்கள். காவலாளி, சீருடை அணிந்த உணவு விநியோகப் பையன், ஊன்றுகோலுடன் நடக்கும் தாத்தா, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், ஜெனரேட்டர் சத்தம், குக்கர் விசில், குப்பை வண்டியின் பாட்டு ஆகிய எல்லாவற்றையும் உங்கள் கையின் பாதுகாப்பில் இருந்தபடி அது பார்க்கட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தின்பண்டத்தோடு. பட்டாசுச் சத்தத்தைக் கைபேசியில் மிக மெல்லிய ஒலியில் உணவு வேளையில் ஒலிக்கவிட்டு, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டினால் முதல் தீபாவளி எளிதாகக் கடக்கும்.

லிஃப்ட்டுக்குத் தனிப் பழக்கம் வேண்டும். முதலில் நீங்கள் நுழைந்து, பிறகு குட்டி. உள்ளே பின்மூலையில் உட்கார வைத்து, கதவுக்கும் அதற்கும் இடையில் நீங்கள் நில்லுங்கள். கயிறு எப்போதும் குறுக்கிய நிலையில் கையில் இருக்கட்டும். நீளும் வகைக் கயிற்றை லிஃப்ட் அருகே ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். நாய் வெளியிலும் நீங்கள் உள்ளுமாகக் கதவு மூடிக்கொண்டால் நேர்வதை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே யாராவது தயங்கினால் "நீங்கள் போங்கள், நாங்கள் அடுத்ததில் வருகிறோம்" என்று விட்டுவிடுங்கள். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டுமே யாரும் தடவிக் கொடுக்கலாம் என்பதை முதல் நாளிலிருந்தே வீட்டாரும் அண்டை வீட்டாரும் கடைப்பிடிக்க வேண்டும். 6 கிலோவில் மேலே தாவுவதைக் கொஞ்சலாக எடுத்துக்கொள்பவர்கள், 30 கிலோவில் அதே தாவலால் கீழே விழுவார்கள்.

கடி, தூக்கம், தனிமை

குட்டி நாளில் 18 மணி நேரம் வரை தூங்க வேண்டும். மாலையில் வெறிபிடித்தது போல ஓடிக் கடிக்கும் குட்டி பெரும்பாலும் தூக்கம் கெட்ட குட்டி. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் 28 பால் பற்களும் விழுந்து 42 நிலைப் பற்கள் முளைக்கும்; அப்போது நனைத்து முறுக்கி உறைய வைத்த துணியோ குளிர்ந்த முழுக் கேரட்டோ ஈறு வலிக்கு இதமாக இருக்கும். மின்கம்பிகளை எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். வளர்ந்த உடலுக்கு ஏற்ற பெரிய கூண்டை நடுத்தடுப்போடு வாங்கி, குட்டி வளர வளரத் தடுப்பை நகர்த்தலாம். கதவைத் திறந்து வைத்து, உள்ளே உணவு கொடுத்து, அதுவாகப் போய்ப் படுக்கும் இடமாக அதை ஆக்குங்கள், தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். தனிமையை ஒரு நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். குப்பை கொட்டப் போய்விட்டு வருவது, பிறகு கடைக்குப் போய்விட்டு வருவது என்று நீட்டுங்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஒருவருமே இல்லாத வீட்டில், நண்பகலில் வந்து பார்க்க ஆள் ஏற்பாடு இல்லாமல் குட்டி வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வெயிலும் உண்ணியும்

மார்ச் முதல் ஜூலை வரை காலை ஆறரைக்குள்ளும் மாலை ஏழுக்குப் பிறகும் மட்டுமே நடை. உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது. மூச்சு வாங்குவது அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு கடுஞ்சிவப்பாகித் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, உடல் சற்று ஆறத் தொடங்கியதும் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நம் ஊரில் பரவலாக உள்ள பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தக்கூடியது. இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவரில் ஏறி, சுவிட்சுப் பலகையின் பின்னாலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாமல் போவது இதனால்தான். இடுக்குகளைப் பூசி அடைத்து, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். மாத்திரையோ முதுகில் விடும் சொட்டு மருந்தோ எடைக்கேற்ப அளவு மாறுவது. பெரிய இனக் குட்டியின் எடை மாதத்துக்கு மூன்று நான்கு கிலோ வரை ஏறுவதால், போன மாத அளவு இந்த மாதத்துக்குப் போதாது. திடீரென்று சாப்பாட்டை மறுத்தல், காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவை எர்லிகியா என்ற உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள். லாப்ரடார் ஒரு வேளை உணவை மறுத்தாலே இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

ஓராண்டு கடந்தபின்

பெண் குட்டியானாலும் ஆண் குட்டியானாலும் கருத்தடை அறுவையை எப்போது செய்வது என்பதை மருத்துவருடன் பேசி முடிவு செய்யுங்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களில் ஆறு மாதத்துக்குள் செய்யப்பட்டவற்றுக்கு மூட்டு நோய்கள் கூடுதலாக வந்ததைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை காத்திருப்பதையே எங்கள் மருத்துவரும் விரும்பினார். அந்த அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கும்போதே இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயையும் எடுத்துவிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே மயக்கத்தில் இரண்டும் முடிந்துவிடும். எக்ஸ்ரே நன்றாக இருந்தால் வளர்ந்த நாய்க்கான உணவுக்கு பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். மாடிப்படியை முதல் வாரம் ஒரு மாடி மட்டும், அதுவும் ஏறுவதற்கு மட்டும் பழக்குங்கள். இறங்குவதற்கு இன்னும் சில வாரங்கள் லிஃப்ட்டே இருக்கட்டும். மல்லிக்கு இப்போது ஐந்து வயது ஆகிறது, 27 கிலோ. கூடத்தில் அந்த ரப்பர் விரிப்புகள் இன்னும் கிடக்கின்றன.